பங்கு விலைகளுக்கு ஒரு தரவுத்தளம்

பங்குச் சந்தை விலைத் தரவு பார்வைக்கு மிக எளிமையானது. எந்தப் பங்கு, எந்த நேரம், தொடக்க விலை, உச்ச விலை, தாழ்ந்த விலை, முடிவு விலை, கைமாறிய பங்குகளின் எண்ணிக்கை என ஏழு விவரங்களில் ஒரு பதிவு முடிந்துவிடும். மருத்துவமனைப் பதிவேட்டிலோ வங்கிக் கணக்கிலோ உள்ளதுபோல் ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கும் உறவுகள் இதில் கிடையாது. அப்படியிருந்தும் இதற்கென்று அமைக்கப்படும் தரவுத்தளங்கள் பல, ஓரிரு ஆண்டுகளிலேயே திணறத் தொடங்குகின்றன. எவ்வளவு தரவு வரும் என்று முன்கூட்டியே கணக்குப் பார்க்காததும், பதிவுகள் டிஸ்க்கில் எந்த வரிசையில் கிடக்கும் என்று யோசிக்காததுமே பெரும்பாலும் இதற்குக் காரணம்.

கணக்கு கடினமானதில்லை. மும்பையிலுள்ள தேசியப் பங்குச் சந்தையில் வழக்கமான வர்த்தகம் காலை 9.15 மணிக்குத் தொடங்கி மாலை 3.30க்கு முடிகிறது, மொத்தம் 375 நிமிடங்கள். விடுமுறைகள் போக ஆண்டுக்கு ஏறக்குறைய 250 வர்த்தக நாட்கள் வரும். 2,000 பங்குகளைத் தொடர்வதாக வைத்துக்கொண்டால், நாளுக்கு ஒரு பதிவு வீதம் ஆண்டுக்கு 5 லட்சம் பதிவுகள். அந்தச் சந்தையில் பங்கு வர்த்தகம் தொடங்கிய 1994 நவம்பரிலிருந்து இதே வேகத்தில் சேர்ந்திருந்தாலும் மொத்தம் ஒன்றரைக் கோடி சொச்சம்தான். நிமிடத்துக்கு ஒரு பதிவு என்றால் கதை மாறுகிறது: ஆண்டுக்கு 18.75 கோடி, பத்தாண்டுகளுக்கு 187.5 கோடி. ஒவ்வொரு ஆர்டரையும் ஒவ்வொரு கைமாற்றத்தையும் தனித்தனியே பதிவதென்றால் அது வேறு உலகம். அமெரிக்கப் பங்குச் சந்தை ஒழுங்காற்று ஆணையம் 2013 முதல் இயக்கிவரும் மிடாஸ் என்ற அமைப்பு, மைக்ரோ நொடித் துல்லியத்தில் நாளொன்றுக்குச் சுமார் நூறு கோடிப் பதிவுகளைத் திரட்டுகிறது.

இந்த மூன்று அளவுகளுக்கும் மூன்று வேறு தீர்வுகள் தேவை. முதலாவது அளவுக்கு உண்மையில் தீர்வே தேவையில்லை. எஸ்க்யூலைட் போன்ற ஒற்றைக் கோப்புத் தரவுத்தளம் சாதாரண மடிக்கணினியில் ஒன்றரைக் கோடிப் பதிவுகளை அலுங்காமல் தாங்கும். நாள் விலையை மட்டும் வைத்துக்கொண்டு எந்தப் பெரிய மென்பொருள் சிறந்தது என்று மாதக்கணக்கில் ஆராய்வது வீண் வேலை. வடிவமைப்பு என்ற சொல்லுக்கு அர்த்தம் வருவது நிமிடத் தரவிலிருந்துதான். இனி வரும் கணக்குகள் அந்த 18.75 கோடியை அடிப்படையாகக் கொண்டவை.

முதலில் ஒரு பதிவு எத்தனை பைட் என்று பார்க்க வேண்டும். நேரத்துக்கு 8 பைட், பங்குகளின் எண்ணிக்கைக்கு 8, நான்கு விலைகளுக்கு நான்கு நான்காக 16, பங்கைச் சுட்டும் எண்ணுக்கு 4 என்று மொத்தம் 36 பைட். இங்கே பங்கின் பெயரையோ சந்தைச் சுருக்கப் பெயரையோ எழுத்தாக எழுதாமல் எண்ணாக வைப்பது முக்கியம். பெயரை ஒரு தனி அட்டவணையில் ஒரே ஒரு முறை எழுதிவிட்டு, விலை அட்டவணையில் அதன் எண்ணை மட்டும் வைத்தால் போதும். எட்கர் காட் 1970இல் முன்வைத்த உறவுமுறைத் தரவு மாதிரியின் அரிச்சுவடி இது. ஆனால் 36 பைட்டோடு கணக்கு முடிவதில்லை. போஸ்ட்கிரெஸ் போன்ற தரவுத்தளம் ஒவ்வொரு பதிவின் தலையிலும் தன் சொந்தக் குறிப்புகளைச் சேர்க்கிறது. அதற்கு 23 பைட், இட ஒழுங்குக்காக 24 ஆகும். பக்கத்துக்குள் அந்தப் பதிவு எங்கே இருக்கிறது என்று காட்ட மேலும் 4. தலைக்குறிப்பையும் தரவையும் எட்டின் மடங்காக நிரப்பி, அந்த 4ஐயும் சேர்த்தால் ஒரு பதிவு 68 பைட்டை எடுத்துக்கொள்கிறது. ஆக ஏறக்குறைய பாதி இடம் விலைக்குப் போகிறது. மீதி நிர்வாகச் செலவு. ஆண்டுக்குச் சுமார் 12.75 ஜிகாபைட். இன்றைய டிஸ்க்குக்கு இது பெரிய சுமையில்லை. சிக்கல் இடத்தில் இல்லை, படிப்பதில் இருக்கிறது. அதற்குப் போகும் முன் விலையை எந்த வகை எண்ணாக எழுதுவது என்பதை முடித்துவிடலாம்.

கணினியின் மிதவைப் புள்ளி எண் விலைக்கு உகந்ததல்ல. 0.1 என்ற சாதாரண எண்ணை இரும முறையில் முழுமையாக எழுதவே முடியாது. ஏதோ ஓரிடத்தில் வெட்டித்தான் ஆக வேண்டும். ஒரு முறை வெட்டினால் ஒன்றும் ஆகாது. திரும்பத் திரும்ப வெட்டினால் என்ன ஆகும் என்பதற்குக் கனடாவின் வான்கூவர் பங்குச் சந்தை சாட்சி. அங்கே 1982 ஜனவரியில் 1000 புள்ளிகளோடு தொடங்கிய குறியீட்டெண், ஒவ்வொரு வர்த்தகத்துக்குப் பிறகும் மறுபடி கணக்கிடப்பட்டது. நாளொன்றுக்கு ஏறக்குறைய மூவாயிரம் முறை. ஒவ்வொரு முறையும் மூன்றாம் தசம இடத்துக்குப் பிறகு வந்ததைக் கிட்டிய எண்ணாக்காமல் அப்படியே வெட்டி எறிந்தார்கள். ஒரு வெட்டுக்குச் சராசரியாக 0.0005 புள்ளிதான் இழப்பு. ஒரு நாளில் அது ஒன்றரைப் புள்ளி. 1983 நவம்பரில் சந்தை நன்றாக இருந்தும் குறியீட்டெண் 524இல் நின்றது. பிழையைத் திருத்தியபோது அது 1098 என்று தெரிந்தது.

ஆகவே விலையை முழு எண்ணாக, மிகச் சிறிய அலகில் எழுதுவது நல்லது. எது மிகச் சிறிய அலகு என்பதில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். இந்தியப் பங்குகளின் விலை பல ஆண்டுகள் 5 பைசாவின் மடங்காகவே நகர்ந்தது. 2024 ஜூனில் 250 ரூபாய்க்குக் கீழுள்ள பங்குகளுக்கு அது 1 பைசாவாகக் குறைந்தது. இடத்தை மிச்சப்படுத்துவதாக நினைத்து விலையை ஐந்து பைசாக்களில் எண்ணி வைத்த எந்த அட்டவணையும் அன்றோடு உதவாது. அமெரிக்காவில் 2001 வரை விலைகள் டாலரின் பதினாறில் ஒரு பங்காக நகர்ந்தன. 1/16 டாலர் என்பது 0.0625, பழைய விலைகளை இழப்பில்லாமல் வைக்க நான்கு தசம இடம் வேண்டும். நான்கு இடம் வைத்துக்கொண்டால் மறுமுனையில் உச்சவரம்பு இடிக்கிறது. நாஸ்டாக் சந்தையின் விலை ஒளிபரப்பு, குறியில்லாத 32 பிட் முழு எண்ணில் நான்கு தசம இடங்களோடு விலையை எழுதிவந்தது. அதில் அடங்கும் மிகப் பெரிய விலை 4,29,496.7295 டாலர். எந்தப் பங்கு அந்த விலைக்குப் போகப்போகிறது என்று நினைத்திருப்பார்கள். வாரன் பஃபெட்டின் பெர்க்ஷயர் ஹாத்தவே நிறுவனத்தின் முதல் வகைப் பங்கு 2021 மே மாதத் தொடக்கத்தில் 4,21,000 டாலரைத் தாண்டியது. அந்த ஒரு பங்கின் விலையை மட்டும் நாஸ்டாக் சில நாட்கள் வெளியிடாமல் நிறுத்திவைத்து மென்பொருளை மாற்ற வேண்டியதாயிற்று.

இந்தியாவிலும் இது கற்பனையல்ல. சென்னையைச் சேர்ந்த எம்ஆர்எஃப் பங்கு 2023 ஜூனில் ஒரு லட்சம் ரூபாயைத் தொட்டது. 2024 அக்டோபர் 29 அன்று மும்பைப் பங்குச் சந்தையில் எல்சிட் இன்வெஸ்ட்மென்ட்ஸ் பங்கு 2,36,250 ரூபாய்க்குக் கைமாறியது. குறியோடு கூடிய 32 பிட் எண்ணில் நான்கு தசம இடம் வைத்திருந்தால் எல்லை 2,14,748 ரூபாய். இந்த விலை அதில் அடங்காது. பைசாவில் வைத்தால் 32 பிட் போதும். நான்கு இடம் வேண்டுமென்றால் 64 பிட்டுக்குப் போவதே பாதுகாப்பு. அப்படிப் போனால் மேலே சொன்ன 68 பைட் 84 ஆகும், அவ்வளவுதான். கைமாறிய பங்குகளின் மொத்த மதிப்பையும், அதாவது வர்த்தக மதிப்பையும், எழுதுவதென்றால் அதற்கு எப்போதும் 64 பிட்தான். 32 பிட்டில் பைசாக் கணக்காக எழுதினால் 2.14 கோடி ரூபாயோடு எண் தீர்ந்துவிடும். ஒரு பெரிய நிறுவனப் பங்கில் சில நிமிட வர்த்தகமே அதைத் தாண்டும்.

இப்போது அட்டவணைக்கு வரலாம். இத்துறையில் அடிக்கடி எழும் கேள்வி: பங்குக்கு ஓர் அட்டவணை வைப்பதா, எல்லாவற்றுக்கும் ஒரே அட்டவணையா? மெட்டாஸ்டாக் போன்ற பழைய வரைபட மென்பொருள்கள் பங்குக்கு ஒரு கோப்பு வைத்திருந்ததால் முதல் வழி பலருக்கு இயல்பாகத் தோன்றுகிறது. ஒரு பங்கின் வரைபடத்தை வரைவதற்கு அது வேகமானதுதான். ஆனால் இன்று அதிகமாக ஏறிய பத்துப் பங்குகள் எவை என்று கேட்டால் 2,000 அட்டவணைகளைத் திறக்க வேண்டும். புதிதாக ஒரு விவரம் சேர்க்க வேண்டுமென்றால் 2,000 இடத்தில் மாற்ற வேண்டும். நிறுவனத்தின் பெயர் மாறினால் அட்டவணையின் பெயரும் மாற வேண்டும். தரவாக இருக்க வேண்டிய ஒன்று அட்டவணைப் பெயருக்குள் ஒளிந்துகொண்டதன் விளைவு இது. பங்குக்கு ஓர் அட்டவணை என்பது தவறான வழி. அதில் இருக்கும் ஒரே நன்மை, ஒரு பங்கின் விலைகள் டிஸ்க்கில் அடுத்தடுத்துக் கிடப்பது. அந்த நன்மையை ஒரே அட்டவணையிலும் பெறலாம்.

கடைக் கணக்கில் குறிப்பேடு என்றும் பேரேடு என்றும் இரண்டு உண்டு. அன்றன்று நடந்தவற்றை நடந்த வரிசையில் எழுதுவது குறிப்பேடு. அதையே ஆளுக்கொரு பக்கமாகப் பிரித்து எழுதுவது பேரேடு. விலைத் தரவு சந்தையிலிருந்து குறிப்பேட்டு வரிசையில் வருகிறது: 9.15க்கு 2,000 பங்குகளின் விலை, 9.16க்கு மறுபடி 2,000. கேள்விகளோ பெரும்பாலும் பேரேட்டு வரிசையில் எழுகின்றன: இந்த ஒரு பங்கு ஓராண்டாக எப்படிப் போயிற்று?

வந்த வரிசையிலேயே போட்டுவைத்தால் என்ன விலை கொடுக்க வேண்டும் என்று கணக்கிடலாம். போஸ்ட்கிரெஸ் டிஸ்க்கிலிருந்து ஒரு நேரத்தில் 8,192 பைட் கொண்ட ஒரு பக்கத்தைப் படிக்கும். 68 பைட் பதிவுகள் அதில் சுமார் 120 அடங்கும். ஒரு பங்குக்கு ஓராண்டில் 93,750 பதிவுகள். வந்த வரிசையில் அடுக்கியிருந்தால் அவற்றில் இரண்டு ஒரே பக்கத்தில் இராது. அடுத்தடுத்த இரண்டுக்கும் நடுவே மற்ற 1,999 பங்குகள் உட்கார்ந்திருக்கும். ஆகவே 93,750 பக்கங்களைப் படிக்க வேண்டும், அதாவது ஏறக்குறைய 77 கோடி பைட். பங்கு வாரியாக அடுக்கியிருந்தால் அதே பதிவுகள் 782 பக்கங்களில் முடிந்துவிடும். சுமார் 64 லட்சம் பைட். இரண்டுக்கும் இடையே 120 மடங்கு வேறுபாடு. மென்பொருளும் கணினியும் மாறவில்லை, அடுக்கிய வரிசை ஒன்றுதான் மாறியது.

இங்கே இன்டெக்ஸ் இருக்கிறதே என்று தோன்றலாம். ருடால்ஃப் பேயரும் எட்வர்ட் மெக்ரைட்டும் போயிங் ஆய்வகத்தில் இருந்தபோது உருவாக்கிய பி-மரம், 1970களின் தொடக்கத்திலிருந்து பெரும்பாலான தரவுத்தளங்களின் முதுகெலும்பு. கோடிக்கணக்கான பதிவுகளில் வேண்டியதை நாலைந்து தாவலில் கண்டுபிடித்துவிடும். ஆனால் அது பதிவு எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று சொல்லுமே தவிர, சிதறிக்கிடக்கும் பக்கங்களைச் சேர்த்துவைக்காது. 93,750 முகவரிகளை வேகமாகச் சொன்னாலும் 93,750 வீடுகளுக்கும் போயாக வேண்டும்.

மைஎஸ்க்யூஎல்லின் இன்னோடிபி முதன்மைத் திறவுகோலின் வரிசையிலேயே பதிவுகளை டிஸ்க்கில் அடுக்குகிறது. பங்கு எண்ணை முதலிலும் நேரத்தை இரண்டாவதாகவும் வைத்துத் திறவுகோல் அமைத்தால் பேரேடு தானாகவே உருவாகிவிடும். தானாக ஓடும் தொடர் எண்ணைத் திறவுகோலாக வைப்பவர்கள் தெரியாமலேயே குறிப்பேட்டைத் தேர்ந்துகொள்கிறார்கள். அந்த எண்ணால் இங்கே வேறு பயனும் இல்லை. போஸ்ட்கிரெஸ்ஸில் அட்டவணையை ஒரு முறை மறுபடி அடுக்கக் கட்டளை உண்டு. ஆனால் அதன்பின் வரும் பதிவுகளை அது ஒழுங்குபடுத்துவதில்லை. பேரேட்டுக்கும் செலவு இல்லாமல் இல்லை. ஒவ்வொரு நிமிடமும் வரும் 2,000 பதிவுகள் 2,000 வெவ்வேறு இடங்களில் செருகப்பட வேண்டும். ஒரு குறிப்பிட்ட நிமிடத்தில் சந்தை முழுவதும் எப்படி இருந்தது என்ற கேள்விக்கு, குறிப்பேட்டில் 17 பக்கங்கள் படித்தால் போதும்; பேரேட்டில் 2,000 பக்கங்கள்.

நடைமுறையில் வெல்வது இரண்டையும் கலந்த வழி. அட்டவணையை மாத வாரியாகப் பகுதிகளாக்கி, ஒவ்வொரு மாதப் பகுதிக்குள்ளும் பங்கு வாரியாக அடுக்குவது. நடப்பு மாதம் வந்த வரிசையிலேயே நிரம்பட்டும். மாதம் முடிந்ததும் ஒரு முறை மறுபடி அடுக்கி மூடிவிடலாம். கடந்துபோன விலைகள் மாறுவதில்லை என்பதால் மறுபடி அதைத் தொட வேண்டியிருக்காது. ஒரு பங்கின் ஓராண்டுக் கதைக்குப் பன்னிரண்டு இடங்களில் சுமார் 65 பக்கங்கள் வீதம் படித்தால் போதும். மார்ச் மாதத்தைப் பற்றிய கேள்விக்கு மற்ற பதினொரு பகுதிகளைத் தரவுத்தளம் திறந்துகூடப் பார்க்காது. பழைய ஆண்டுகளை மலிவான டிஸ்க்குக்கு மாற்றுவதும் ஒரு பகுதியைக் கழற்றி எடுக்கும் வேலைதான். போஸ்ட்கிரெஸ் 2017இல் வந்த பத்தாம் பதிப்பிலிருந்து இத்தகைய பகுதிகளை நேரடியாக ஆதரிக்கிறது. அதன் மேல் கட்டப்பட்ட டைம்ஸ்கேல்டிபி இந்தப் பகுதி பிரிக்கும் வேலையைத் தானே பார்த்துக்கொள்கிறது.

பதிவுகள் ஒழுங்காக அடுக்கப்பட்டுவிட்டால் இன்டெக்ஸும் சிறுத்துவிடும். ஒவ்வொரு பதிவுக்கும் முகவரி எழுதாமல், 128 பக்கங்கள் கொண்ட ஒரு கட்டுக்கு அதிலுள்ள மிகக் குறைந்த மதிப்பு, மிக உயர்ந்த மதிப்பு என்று இரண்டே எண்கள் எழுதிவைத்தால், தேடும் மதிப்பு அதற்குள் வராத கட்டுகளைத் தாண்டிப் போய்விடலாம். போஸ்ட்கிரெஸ்ஸில் பிரின் என்ற பெயரில் வரும் இந்த இன்டெக்ஸ், ஜிகாபைட்களை விழுங்கும் பி-மரத்தின் இடத்தில் சில நூறு கிலோபைட்டில் அடங்கிவிடும். வரிசை குலைந்த அட்டவணையில் மட்டும் இது எதற்கும் உதவாது.

இன்னும் ஒரு விரயம் மிச்சமிருக்கிறது. 200 நாள் நகரும் சராசரிக்கு முடிவு விலை ஒன்றே போதும். ஆனால் பதிவு பதிவாக அடுக்கிய டிஸ்க்கில் முடிவு விலையின் 4 பைட்டை எடுக்க 68 பைட்டையும் படித்தாக வேண்டும். ஓராண்டின் எல்லா முடிவு விலைகளும் சேர்ந்து 0.75 ஜிகாபைட்தான், அதற்காக 12.75 ஜிகாபைட் படிக்கப்படுகிறது. இதற்கு மாற்று, ஒவ்வொரு நெடுவரிசையையும் தனித்தனியே சேமிப்பது: எல்லா நேரங்களும் ஓரிடத்தில், எல்லா முடிவு விலைகளும் ஓரிடத்தில். வால்ஸ்ட்ரீட்டின் வர்த்தக அறைகளில் நெடுங்காலமாகக் கோலோச்சும் கேடிபி பிளஸ் இந்த வகை. ஆர்தர் விட்னி உருவாக்கியது, 2003இல் வந்தது. யாண்டெக்ஸ் 2016இல் திறமூலமாக வெளியிட்ட கிளிக்ஹவுஸ், ஆம்ஸ்டர்டாமின் கணித ஆய்வு மையத்தில் பிறந்த டக்டிபி, பார்க்கே என்ற கோப்பு வடிவம் எல்லாமே இந்தக் குடும்பம்.

நெடுவரிசைச் சேமிப்பின் இன்னொரு ஆதாயம் சுருக்கம். ஒரே வகை மதிப்புகள் அடுத்தடுத்து வரும்போது வித்தியாசத்தை மட்டும் எழுதினால் போதும். நிமிடத் தரவில் அடுத்தடுத்த நேரங்களுக்கு இடையே பெரும்பாலும் 60 நொடி. அப்போது வித்தியாசத்தின் வித்தியாசம் பூச்சியம். அதைச் சொல்ல ஒரே ஒரு பிட் போதும். ஃபேஸ்புக் தன் கணினிகளைக் கண்காணிக்க அமைத்த கொரில்லா என்ற அமைப்பைப் பற்றி 2015இல் வெளியான ஆய்வுக் கட்டுரையின்படி, நேர முத்திரைகளில் 96 சதவீதம் ஒற்றைப் பிட்டில் அடங்கின; நேரமும் மதிப்புமாக 16 பைட் எடுத்த ஒரு புள்ளி சராசரியாக 1.37 பைட்டாகச் சுருங்கியது. பங்கு விலை அந்த அளவுக்குச் சுருங்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. விலை நிமிடத்துக்கு நிமிடம் அசைகிறது. ஆனாலும் 1,500 ரூபாய்ப் பங்கு ஒரு நிமிடத்தில் இரண்டு ரூபாய் நகர்ந்தால் எழுத வேண்டியது 200 பைசா என்ற சிறிய எண்தான். பங்கு வாரியாக அடுக்கியிருந்தால் மட்டுமே இந்தச் சுருக்கம் கிடைக்கும். குறிப்பேட்டு வரிசையில் ஒரு லட்ச ரூபாய்ப் பங்குக்குப் பக்கத்தில் பத்து ரூபாய்ப் பங்கு கிடக்கும், வித்தியாசம் எடுத்துப் பயனில்லை. வரிசைதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

ஒற்றைப் பதிவைத் திருத்துவதும் ஒவ்வொன்றாகச் சேர்ப்பதும் சுமையாக இருப்பது நெடுவரிசைத் தரவுத்தளத்தின் பலவீனம். கடந்துபோன விலைகள் மாறாததாலும் பதிவுகளைக் கட்டாக ஏற்றலாம் என்பதாலும் விலைத் தரவுக்கு அது பெரிய குறையல்ல.

ஒரு வாரத்துக்கான அல்லது பதினைந்து நிமிடத்துக்கான விலைகளைத் தனியே சேமிக்க வேண்டியதில்லை. நிமிடத் தரவிலிருந்து கட்டிக்கொள்ளலாம். முதல் பதிவின் தொடக்க விலை, எல்லாவற்றிலும் உயர்ந்த உச்சம், எல்லாவற்றிலும் தாழ்ந்த தாழ்வு, கடைசிப் பதிவின் முடிவு விலை, எண்ணிக்கைகளின் கூட்டல். அடிக்கடி கேட்கப்படுவதை மட்டும் முன்கூட்டிக் கணக்கிட்டு வைத்தால் போதும். இதில் கண்ணி ஒன்று உண்டு: எடையிட்ட சராசரி விலையை இப்படிக் கூட்டிச் சுருக்க முடியாது. சராசரிகளின் சராசரி தவறான விடையையே தரும். மொத்த மதிப்பையும் மொத்த எண்ணிக்கையையும் தனித்தனியே வைத்திருந்து கடைசியில் வகுக்க வேண்டும். மூலப் பதிவில் வர்த்தக மதிப்பு என்று எட்டாவது விவரம் ஒன்றைச் சேர்த்துவைப்பது இதற்காகத்தான்.

நேரம் எளிமையானது என்று நினைப்பவர்கள் நாளுக்கு 375 கட்டங்கள் என்று கணக்குப் போட்டு, நேரத்தையே எழுதாமல் கட்டத்தின் எண்ணை மட்டும் வைக்க முயல்வதுண்டு. தீபாவளியன்று முகூர்த்த வர்த்தகம் ஒரு மணி நேரம் மட்டும் நடக்கும். பட்ஜெட் நாள் சனிக்கிழமையாக இருந்தாலும் சந்தை திறப்பதுண்டு. 2021 பிப்ரவரி 24 அன்று தேசியப் பங்குச் சந்தையில் தொழில்நுட்பக் கோளாறால் 11.40க்கு வர்த்தகம் நின்று, 3.45க்கு மறுபடி தொடங்கி, 5 மணி வரை நடந்தது. இத்தகைய நாட்களை எந்த வாய்பாடும் முன்கூட்டிச் சொல்லாது. நேரத்தை முழுமையாக, உலகப் பொது நேரத்தில் எழுதி, எந்த நாளில் எந்தச் சந்தை எப்போது திறந்திருந்தது என்பதைத் தனி நாட்காட்டி அட்டவணையில் வைக்க வேண்டும். அமெரிக்க விலைகளையும் சேர்ப்பவர்களுக்கு இது இன்னும் அவசியம். அங்கே ஆண்டுக்கு இரு முறை கடிகாரம் ஒரு மணி நேரம் நகரும்.

பங்கின் அடையாளமும் நிலையானதல்ல. இன்ஃபோசிஸ் 2011 வரை இன்ஃபோசிஸ்டெக் என்ற சிம்பலில், அதாவது சந்தைச் சுருக்கப் பெயரில், வர்த்தகமானது; பெயர் மாறிய பிறகு இன்ஃபி ஆயிற்று. ஒரே சிம்பல் இரண்டு பேருக்குப் போவதும் உண்டு. ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனம் 2022 ஜூனில் மெட்டா என்ற சிம்பலை எடுத்துக்கொண்டது. அதற்குச் சில மாதங்கள் முன்புவரை அதே சிம்பல் ரவுண்ட்ஹில் என்ற நிறுவனத்தின் பரிவர்த்தனை நிதி ஒன்றிடம் இருந்தது. சிம்பலை நம்பி இரண்டையும் ஒட்டிவிட்டால் ஒரு நிதியின் விலையும் ஒரு நிறுவனத்தின் விலையும் ஒரே கோட்டில் வரும். ஐசின் என்ற பன்னிரண்டு எழுத்துப் பன்னாட்டு எண் ஓரளவு நம்பகமானது. ஆனால் இந்தியாவில் முகமதிப்பைப் பிரிக்கும்போது ஐசினும் புதிதாகிவிடுகிறது. ஆகவே தரவுத்தளம் தனக்கென்று அர்த்தமில்லாத ஓர் எண்ணைப் பங்குக்குக் கொடுத்து, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை எந்தச் சிம்பல், எந்த ஐசின் என்பதைத் தனி அட்டவணையில் வைப்பதே நிற்கும் வழி. சந்தையை விட்டுப் போன நிறுவனங்களையும் நீக்கக் கூடாது. டெக் மஹிந்திராவோடு 2013இல் இணைந்துபோன சத்யம் போன்றவற்றைக் கழித்துவிட்டு, மிஞ்சியவற்றை மட்டும் வைத்துப் பழைய காலத்தை ஆராய்ந்தால், லாபம் இருந்ததைவிட அதிகமாகத் தெரியும்.

எல்லாவற்றிலும் கடினமானது போனஸும் பங்குப் பிரிப்பும். ரிலையன்ஸ் நிறுவனம் 2024 அக்டோபரில் ஒன்றுக்கு ஒன்று போனஸ் கொடுத்தது. அதையொட்டி 28ஆம் தேதி விலை பாதியாயிற்று. யாருக்கும் நட்டமில்லை, பங்கு இரட்டிப்பாயிற்று. வரைபடத்தில் மட்டும் அது பெரும் சரிவாகத் தெரியும். இதைச் சரிசெய்யப் பழைய விலைகளையெல்லாம் இரண்டால் வகுத்து எழுதிவிடுவது பலரும் செய்வது. அது மூலத் தரவை அழிப்பதற்குச் சமம். ஒவ்வொரு போனஸுக்கும் மூடிவைத்த எல்லா மாதப் பகுதிகளையும் திறந்து எழுத வேண்டும், அந்த நாளில் உண்மையில் என்ன விலைக்குக் கைமாறியது என்பது தொலைந்துபோகும், துல்லியமும் போகும். ஆப்பிள் பங்கு 1980 டிசம்பரில் 22 டாலருக்கு வெளியிடப்பட்டது. அதன்பின் ஐந்து முறை பிரிக்கப்பட்டதில் அன்றைய ஒரு பங்கு இன்று 224. திருத்திய வெளியீட்டு விலை 0.098 டாலர். இரண்டு தசம இடத்தில் அது 10 சென்ட். அந்தக் கால ஏற்ற இறக்கங்களெல்லாம் ஒன்பது, பத்து, பதினொன்று என்று படிக்கட்டாகிவிடும். நடந்த விலையை நடந்தபடியே விட்டுவிட்டு, தேதியும் பெருக்கு எண்ணும் கொண்ட சின்ன அட்டவணை ஒன்றை வைத்து, கேட்கும்போது பெருக்கிக் கொடுப்பதே முறை. 2,000 நிறுவனங்களுக்கும் சேர்த்தாலும் அந்த அட்டவணை சில ஆயிரம் பதிவுகளுக்கு மேல் போகாது.

தரவை உள்ளே ஏற்றுவதில் இரண்டு விஷயங்கள் போதும். ஒன்று, பதிவுகளை ஒவ்வொன்றாகச் செருகாமல் கட்டாக ஏற்றுவது. வேகம் பல மடங்கு கூடும். மற்றது, ஒரே கோப்பை இரு முறை ஏற்றினாலும் பதிவு இரட்டிக்காதபடி பங்கு எண்ணும் நேரமும் சேர்ந்த தனித்தன்மைக் கட்டுப்பாடு. சந்தைகள் அன்றாடம் வெளியிடும் பவ்காப்பி கோப்புகளை ஏற்றியபின் அழிக்காமல் அப்படியே வைத்திருப்பது நல்லது. 2024 ஜூலையில் அந்தக் கோப்புகளின் வடிவமே மாறியது, பழையதைப் படிக்கும் நிரலில் பிழை இருந்தது பின்னால் தெரியவந்தால் மூலம் கையில் இருக்க வேண்டும். தவறான விலையைத் தடுக்க, ஒரு நாளில் 20 சதவீதத்துக்கு மேல் மாறிய பதிவை ஏற்காதே என்று விதி எழுதுவார்கள். மேலே சொன்ன எல்சிட் பங்கு 2,36,250க்குப் போவதற்கு முன் கடைசியாகக் கைமாறிய விலை 3 ரூபாய் 53 காசு. அது பிழையல்ல, சிறப்பு ஏலத்தில் உண்மையாகவே நடந்தது. சந்தேகமான பதிவுக்குக் குறி இட வேண்டும், தள்ளிவிடக் கூடாது.

ஒவ்வொரு ஆர்டரையும் பதியும் அளவுக்குப் போனால் புதிய வகைக் கேள்வி ஒன்று எழுகிறது. கைமாற்றங்கள் ஓர் அட்டவணையில், வாங்குவோரும் விற்போரும் கேட்ட விலைகள் மற்றோர் அட்டவணையில் இருக்கும். இரண்டின் நேரங்களும் சரியாகப் பொருந்தாது. இந்தக் கைமாற்றம் நடந்தபோது கடைசியாக நடப்பில் இருந்த கேட்பு விலை என்ன என்று அறிய, அதற்குச் சற்று முன் வந்த மிக அண்மைப் பதிவைத் தேடி இணைக்க வேண்டும். சாதாரண எஸ்க்யூஎல்லில் இதை எழுதுவது சுற்றி வளைத்த வேலை, ஓடுவதும் மெதுவாக. கேடிபி பிளஸ், கிளிக்ஹவுஸ், டக்டிபி மூன்றிலும் இதற்கென்றே தனிக் கட்டளை உண்டு. இரண்டு அட்டவணைகளும் பங்கு, நேரம் என்ற வரிசையில் இருந்தால் ஒரே ஓட்டத்தில் முடிந்துவிடும். 2010 மே 6 அன்று அமெரிக்கச் சந்தை சில நிமிடங்களில் சரிந்து மீண்டது. டவ் ஜோன்ஸ் குறியீட்டெண் ஏறக்குறைய ஆயிரம் புள்ளிகள் விழுந்தது. பல சந்தைகளின் பதிவுகளைத் திரட்டி, பொருத்திப் பார்த்து, என்ன நடந்தது என்று ஒழுங்காற்று அமைப்புகள் அறிக்கை தர அந்த ஆண்டு செப்டம்பர் இறுதி ஆயிற்று. மிடாஸ் அதற்குப் பின் அமைக்கப்பட்டதுதான்.

நிஃப்டியின் 50 பங்குகளை நிமிட அளவில் ஆராயும் ஒருவருக்கு ஆண்டுக்கு வரும் பதிவுகள் 47 லட்சத்துக்கும் குறைவு. மாதத்துக்கு ஒரு பார்க்கே கோப்பு, அதற்குள் பங்கு வாரியான வரிசை, கேள்வி கேட்க டக்டிபி. இவை போதும், செலவும் இல்லை. சந்தை முழுவதற்குமான நிமிடத் தரவுக்குக்கூட போஸ்ட்கிரெஸ்ஸும் கிளிக்ஹவுஸும் இலவசமாகவே கிடைக்கின்றன. கேடிபி பிளஸ் போன்றவற்றுக்குப் பணம் கொடுப்பதில் நியாயம் இருப்பது, ஒவ்வொரு ஆர்டரையும் பதிந்து அந்தக் கணமே விடை கேட்கும் இடங்களில் மட்டும்தான்.